எல்.எல்.எம்.: இரண்டு 'எல்' எதற்கு?

வெளிநாட்டில் மேற்கொண்டு சட்டம் படிக்கப் போகிறவர்கள் பலரும் சேர்வது எல்.எல்.எம். என்ற ஓராண்டுப் படிப்பில். இதில் 'எம்' ஒன்றுதான். 'எல்' மட்டும் ஏன் இரண்டு?

இலத்தீனில் 'லெக்ஸ்' என்றால் சட்டம். 'லேகும்' என்றால் சட்டங்களின். 'லேகும் மகிஸ்டெர்', அதாவது சட்டங்களில் வல்ல ஆசான். பன்மைச் சொல்லைச் சுருக்கும்போது முதலெழுத்தை இரட்டிப்பது இலத்தீன் மரபு. ஆங்கில நூல்களில் ஒரு பக்கத்துக்கு ஒற்றைப் 'பி', பல பக்கங்களுக்கு இரட்டைப் 'பி' போடுகிறார்களே, அதே வழக்கம்தான். தமிழில் நாம் ப., பக். என்று பிரிக்கிறோம். ஆக, இரண்டு 'எல்'லும் சேர்ந்து ஒரே சொல். நடுவில் நாம் வைக்கும் புள்ளிக்கு வேலையே இல்லை.

'மகிஸ்டெர்' என்பது 'மிகுதியாக' என்று பொருள்படும் 'மகிஸ்' என்பதன் வழிவந்தது. ஆங்கில 'மாஸ்டர்' அதன் வாரிசு. நம்மூர்ப் பரோட்டா மாஸ்டரும் இந்தப் பட்டதாரிக்கு ஒன்றுவிட்ட உறவு!

பெயரைப் பார்த்துப் படிப்பை எடைபோட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டின் பி.சி.எல். பெயரளவில் இளநிலை, படிப்போ முதுநிலை. கேம்பிரிட்ஜும் தன் முதுநிலைப் பட்டத்தை 1982 வரை எல்.எல்.பி. என்றே அழைத்தது. "ஏற்கெனவே பி.எல். முடிச்சாச்சே, மறுபடியுமா?" என்று கேட்கும் பெரியப்பாவுக்கு இதைப் புரியவைப்பது தனிப் பாடு. அமெரிக்காவில் கதை தலைகீழ்: அங்கே வழக்கறிஞருக்கான முதல் பட்டமான ஜே.டி.யின் பெயரிலேயே 'டாக்டர்' உண்டு. மாஸ்டர் அதற்குப் பிறகுதான்.