ஊர்வனவற்றின் தோல்: கணினி வரைகலையில்

பாம்பு, பல்லி, முதலை முதலிய ஊர்வனவற்றின் செதில் தோலை முப்பரிமாணக் கணினி உருவங்களின் மேல் மெய்போலத் தோன்றச் செய்யும் கலை, டெக்ஸ்ச்சர் எனப்படும் மேற்பரப்பு அமைப்பாக்கத்தின் ஒரு கிளையாகும். ஊர்வனவற்றின் செதில்கள் கெரட்டின் புரதத்தால் தடித்த மேல்தோலின் பகுதிகளே; ஒரே உடலிலும் இடத்துக்கு இடம் அவற்றின் அளவும் வடிவமும் மாறுகின்றன. பெரும்பாலான பாம்புகளின் முதுகில் சிறு செதில்கள் கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க, வயிற்றில் அகன்ற பட்டைச் செதில்கள் ஒற்றை வரிசையாக அமைகின்றன. இம்மாறுதலைக் கணினியில் கொண்டுவருவதே இக்கலையின் அடிப்படைச் சிக்கலாக இருந்துவந்துள்ளது.

1974இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட் கேட்மல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில், தட்டையான படத்தை வளைந்த பரப்பின் மேல் போர்த்தும் முறையை வகுத்தார். அது நிறத்தைத் தந்ததேயன்றி மேடுபள்ளத்தைத் தரவில்லை. 1978இல் ஜிம் பிளின், பரப்பின் வடிவைத் தொடாமல், ஒளி அதன்மேல் படும் கோணத்தின் கணக்கை மட்டும் மாற்றி மேடுபள்ளம் இருப்பதாகக் காட்டும் பம்ப் மேப்பிங் முறையை வெளியிட்டார். அதிலும் உருவத்தின் விளிம்பு வழவழப்பாகவே நின்றமையால், பரப்பையே உயர்த்தியும் தாழ்த்தியும் அமைக்கும் டிஸ்பிளேஸ்மென்ட் முறை தேவைப்பட்டது. இதனை 1984இல் ராபர்ட் குக் விவரித்தார்.

1993இல் வெளியான ஜுராசிக் பார்க் திரைப்படத்துக்காக, இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தின் ஓவியர்கள், வியூபெயின்ட் என்னும் மென்பொருளின் துணையுடன் டைனோசர் உருவங்களின் மேல் நேரடியாக வண்ணம் தீட்டினர். 1996இல் ஸ்டீவன் வோர்லி, கையால் வரையாமல் கணக்கீட்டாலேயே கட்டம் கட்டமான தோலை உண்டாக்கும் வழியைக் காட்டினார். அதில் பரப்பின்மேல் ஒழுங்கின்றித் தூவப்பட்ட புள்ளிகளிலிருந்து ஒவ்வோர் இடத்தின் தொலைவும் அளக்கப்படுகிறது. அருகிலுள்ள இரு புள்ளிகளுக்கும் சமதொலைவில் அமையும் இடங்களைப் பள்ளமாக்கினால், அவை செதில்களைப் பிரிக்கும் கோடுகளாகின்றன. எனினும் செதில் எத்திசையில் படிய வேண்டும், எங்கே சிறுக்க வேண்டும் என்பதை இக்கணக்கு தானாக அறிவதில்லை.

அக்குறையைக் கைவேலை நிரப்பியது. 1999இல் பிக்சாலாஜிக் நிறுவனம் அறிமுகப்படுத்திய இசட்பிரஷ் போன்ற மென்பொருள்கள், பின்னாளில் களிமண்ணைப் பிசைவதற்கு ஒப்பான செதுக்கு முறையைக் கலைஞர்களுக்கு வழங்கின. கலைஞர் முதலில் தசையையும் பெரிய மடிப்புகளையும், அடுத்துப் பெருஞ்செதில்களையும், இறுதியில் நுண்செதில்களையும் சுருக்கங்களையும் அமைக்கிறார். வெண்மை மேட்டையும் கருமை பள்ளத்தையும் குறிக்கும் ஆல்ஃபா என்னும் சாம்பல்நிறப் படம் இதற்கு முத்திரையாகப் பயன்படுகிறது. கண்ணிமை, மூட்டு ஆகிய இடங்களில் முத்திரையின் அளவு குறைக்கப்படுகிறது.

செதில்கள் இடத்துக்கு இடம் வேறுபடுவதை உயிரியலும் உறுதிப்படுத்துகிறது. ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மிஷெல் மிலின்கோவிச் குழுவினர், முதலையின் முகச் செதில்கள் உடற்செதில்களைப்போல் தனித்தனி அலகுகளாக முளைப்பதில்லை என்று 2013இல் நிறுவினர். வளரும் தோல் அழுத்தத்தால் மடிவதாலேயே அவை உருவாகின்றன என்று 2024இல் விளக்கினர். ஆகவே முதலையின் தலைக்கும் உடலுக்கும் ஒரே செதில் முத்திரையைப் பயன்படுத்துவது பிழையாகும்.