கர்ப்பகாலப் புகையிலைப் பழக்கமும் குழந்தையின் வளர்ச்சியும்

கருவுற்ற பெண் புகையிலையைப் புகைத்தாலும் மென்றாலும் அதிலுள்ள நிகோட்டின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை எட்டிவிடுகிறது. பிறப்பு எடை குறைதல், குறைப்பிரசவம், குழந்தை இறந்து பிறத்தல், தொட்டில் மரணம், நுரையீரல் திறன் குறைதல் ஆகியவை புகைப்பழக்கத்தால் நேர்பவை என்று நிறுவப்பட்டுள்ளன. குழந்தையின் நடத்தை பற்றிச் சொல்லப்படுபவை எல்லாம் அதே அளவுக்கு உறுதியானவை அல்ல.

சிகரெட் புகையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் உண்டு. கருவைப் பொறுத்தவரை இரண்டு முக்கியம். கார்பன் மோனாக்சைடு, ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றுகிறது. தாயின் இரத்தத்தைவிடக் கருவின் இரத்தத்தில் அது கூடுதலாகவே சேர்கிறது. நிகோட்டின் பனிக்குட நீரிலும் தங்குகிறது. மூளையில் அசிட்டைல்கோலின் அமர வேண்டிய ஏற்பிகளில் போய் அமர்கிறது. நரம்பணு எப்போது பெருக வேண்டும், எப்போது முதிர வேண்டும் என்ற கட்டளைகள் இந்த ஏற்பிகள் வழியாகவும் போகின்றன. கட்டளை காலம் தவறி வந்தால் வளர்ச்சி பிசகுகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தியோடர் ஸ்லாட்கின் குழுவினர், சினை எலிகளின் தோலுக்கடியில் சிறு பம்ப் பொருத்தி, புகையே இல்லாமல் நிகோட்டினை மட்டும் செலுத்தினர். அப்போதும் குட்டிகளின் மூளையில் உயிரணுக்கள் குறைந்தன.

மனிதர்களிடையே முதல் தெளிவான சான்று 1957-இல் கிடைத்தது. புகைக்கும் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பது ஏறக்குறைய இரு மடங்கு என்று கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் வினியா சிம்சன் கண்டார். பின்னர் வந்த ஆய்வுகள் சராசரி எடைக்குறைவு சுமார் 200 கிராம் என்றன. ஆனால் 1971-இல் ஜேக்கப் யெருஷால்மி ஒரு புதிரைக் கிளப்பினார்: எடை குறைந்து பிறந்த குழந்தைகளை மட்டும் ஒப்பிட்டால், புகைக்கும் தாயின் குழந்தையே அதிகம் பிழைக்கிறது! புகையிலைத் தொழிலுக்கு இது வாய்ப்பாகப் போயிற்று. விடை எளிது. புகைக்காத தாயின் குழந்தை அவ்வளவு சிறுத்துப் பிறந்தால், பிறவிக் குறைபாடு போன்ற கடுமையான வேறு காரணம் இருக்கக்கூடும்; அதனால் அந்தக் கூட்டத்தில் சாவும் அதிகம். விவாதத்தை அடக்கியது மேரிலாந்தில் நடத்தப்பட்டு 1984-இல் வெளியான சோதனை. புகைப்பதை விட உதவி பெற்ற கர்ப்பிணிகளின் குழந்தைகள், உதவி பெறாதவர்களின் குழந்தைகளைவிடச் சராசரியாக 92 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தன.

கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த குறைபாட்டின் கதை வேறு. புகைக்கும் தாய்மாரின் பிள்ளைகளிடம் அது அதிகம் என்பது உண்மை. அது புகையால் வந்ததா, தாயின் மரபணுவால் வந்ததா? பிரிட்டனில் அனிதா தாப்பர் குழுவினர் செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்த பிள்ளைகளைக் கொண்டு இதைப் பிரித்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டனர். தானம் பெற்ற கருமுட்டையைச் சுமந்த பெண்ணுக்கும் குழந்தைக்கும் மரபணு உறவு கிடையாது. அப்போதும் புகைப்பழக்கம் பிறப்பு எடையைக் குறைத்தது. மிகைத்துடிப்புடனான தொடர்போ, மரபணு உறவுள்ள இணைகளிலேயே வலுவாகத் தெரிந்தது. ஆகவே அந்தக் குறைபாட்டை முழுக்கப் புகையின் கணக்கில் எழுதுவது அவசரம்.

இந்தியாவில் கேள்வி பெரும்பாலும் புகையைப் பற்றியதே அல்ல. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி புகைக்கும் பெண்கள் 2 விழுக்காடு. புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 12.8 விழுக்காடு. மசக்கைக் குமட்டலுக்கு வெற்றிலை போடுகையில் ஒரு துண்டு புகையிலையும் சேர்ந்தால் யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. மும்பையில் 1,217 பெண்களைப் பின்தொடர்ந்து 2004-இல் வெளியான ஆய்வில், வறுத்துப் பொடித்த புகையிலையைப் பல்லில் தேய்க்கும் மிஷ்ரி உள்ளிட்ட பழக்கங்கள் உடைய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்திருந்தன. கார்பன் மோனாக்சைடு இல்லாமலே நேர்ந்த இழப்பு இது.

கர்ப்பத்தின் 15-ஆம் வாரத்துக்குள் புகைப்பதை விட்டவர்களுக்குக் குறைப்பிரசவ வீதம் புகைக்காதவர்களின் அளவுக்கே இறங்கியதாக ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வொன்று காட்டியது. விடுவதற்குத் துணையாகத் தரப்படும் நிகோட்டின் ஒட்டுப்பட்டைகள் கர்ப்பிணிகளிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. கர்ப்பகாலத்தில் உடல் நிகோட்டினை வழக்கத்தைவிட வேகமாகச் சிதைத்துவிடுவதால், சாதாரண அளவு போதாமல் போவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.