டச்சுக்காரன் கோலா உருண்டையும் நம்ம ஊர்த் துணியும்

நம்ம கோலா உருண்டைக்கு நெதர்லாந்துல ஒரு பங்காளி உண்டு. பேரு கெஹாக்ட்பல். கொத்தின மாட்டுக்கறி, பன்றிக்கறி, பால்ல ஊறவச்ச ரொட்டி, முட்டை, கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். எல்லாத்தையும் பிசைஞ்சு உருட்டி, வெண்ணெய்ல சிவக்க வறுத்து, அதுலயே தண்ணி விட்டு வேகவைப்பாங்க.

சத்து? புரதம், இரும்புச்சத்து, பி12 எல்லாம் தாராளம். வெண்ணெய் புண்ணியத்துல கொழுப்பும் தாராளம். கறியைப் பெருக்கவும் சாறு வெளியேறாம பிடிக்கவும் அவங்களுக்கு ரொட்டி, நமக்குப் பொட்டுக்கடலை மாவு. நம்மளுதுல கூடவே நார்ச்சத்தும் கிடைக்குது. இந்த ரவுண்டுல நாமதான் வின்னர் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். அந்த ஜாதிக்காய் ஹாலந்துல விளையாது. அன்னைக்கு உலகத்துக்கே ஜாதிக்காய் வந்தது இந்தோனேசியாவோட பண்டா தீவுகள்ல இருந்துதான். 1602-ல ஆரம்பிச்ச டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி அங்க போய் நின்னப்போ, அந்த மக்கள் விரும்பிக் கேட்டது சோழமண்டலக் கரையோட பருத்தித் துணி. அதுக்காகத்தான் பழவேற்காடு வந்தாங்க, 1613-ல கெல்ட்ரியா கோட்டையை வச்சாங்க. பின்னாடி சதுரங்கப்பட்டினத்துலயும் ஒரு கோட்டை. இங்க துணி வாங்கு, அங்க ஜாதிக்காயா மாத்து. இதான் பிசினஸ்.

அதுவும் பத்தலை. 1621-ல யான் பீட்டர்சோன் கூன் படையோட போய் பண்டாவைப் பிடிச்சான். சுமார் 15,000 பேர்ல பெரும்பாலானவங்க செத்தாங்க, இல்லன்னா துரத்தப்பட்டாங்க. அப்புறம் தோட்ட வேலைக்கு அடிமைகள். நம்ம கரையில இருந்தும் துணி மட்டும் போகலை. பஞ்ச காலத்துல விலைபோன நம்ம சனங்களும் பழவேற்காட்டுல பட்டாவியாவுக்கு, அதாவது இன்னைக்கு ஜகார்த்தாவுக்கு, கப்பலேத்தப்பட்டாங்க.

இவ்வளவு நடந்தும் நம்ம சமையல்கட்டுல அந்த உருண்டை ஒட்டலை. இலங்கையில ஒட்டிக்கிச்சு. 1656-ல கொழும்பைப் பிடிச்ச ஒல்லாந்தர் 1796-ல பிரிட்டிஷ்காரன்கிட்ட விட்டாங்க. ஆனா அவங்க வாரிசுகள், பறங்கியர், அங்கயே தங்கிட்டாங்க. வாழை இலையில சோறு, கறி, கத்தரிக்காய் எல்லாம் மடிச்சு ஓவன்ல பேக் பண்ற லம்ப்ரைஸ்ல இன்னைக்கும் பிரிக்கடல்னு ரெண்டு குட்டி உருண்டை இருக்கும். எனக்குத் தோணுற காரணம் இதான்: கோட்டை கட்டினவன் கல்லறையை விட்டுட்டுப் போவான், குடும்பம் கட்டினவன் சமையலை விட்டுட்டுப் போவான்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ல வேலை பார்க்கிற மக்களே, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியா போனா சதுரங்கப்பட்டினம்தான். லீவு நாள்ல அந்தக் கோட்டையை ஒரு எட்டு பாருங்க. இன்னைக்கு நம்ம பக்கத்துல இருந்து கார் கப்பலேறுது, அன்னைக்குத் துணி ஏறுச்சு. நெய்தவன் பேரு மட்டும் எந்தக் கல்லுலயும் இல்லை.