சால்மன் மீனில் கவுச்சி வாடை வருவது ஏன்? வீட்டில் சமைக்கும்போது தவிர்ப்பது எப்படி?

இதயத்துக்கு நல்லது, ஒமேகா-3 நிறைய இருக்குன்னு சொல்லிச் சொல்லியே சால்மன் மீன் இப்போது நம்ம ஊர் சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர் வரைக்கும் வந்துவிட்டது. விலையோ, வஞ்சிரத்தையே மலிவு என்று சொல்ல வைக்கும் ரகம். ஆசைப்பட்டு வாங்கி வந்து, வஞ்சிரம் வறுவல் மாதிரியே மசாலா தடவி மொறுமொறுன்னு பொரித்தால் வீடு முழுக்க வாடை. பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டு தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். "காசு கொடுத்து இதையா வாங்கினோம்?" என்று அத்தோடு சால்மனுக்குக் கும்பிடு போட்டவர்கள் பலர்.

இந்த வாடைக்கு மீன் மட்டும் காரணமில்லை. வாங்கும் விதம், கரைக்கும் விதம், அதைவிட முக்கியமாக எவ்வளவு நேரம் வேக வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீங்கள் வாங்கியது சால்மன்தானா?

இதை முதலில் பார்த்துவிடுங்கள். 'இந்தியன் சால்மன்' என்ற பெயரில் விற்கப்படுவது நம்ம கடற்கரையில் கிடைக்கும் காலா மீன். மும்பை பக்கம் இதற்கு ராவஸ் என்று பெயர். இதற்கும் சால்மனுக்கும் உறவே கிடையாது. காலாவின் சதை வெள்ளையாக இருக்கும். அதை வழக்கம்போல வறுக்கலாம், குழம்பு வைக்கலாம். நல்ல மீன்தான், ஆனால் சால்மன் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இங்கே நாம் பேசுவது ஆரஞ்சு நிறச் சதையில் வெள்ளைக் கோடுகள் ஓடும் அட்லாண்டிக் சால்மன் பற்றி. கடலில் கூண்டு அமைத்து வளர்க்கப்படும் மீன் இது. உற்பத்தியில் உலகிலேயே முதலிடம் நார்வேக்கு. அந்த வெள்ளைக் கோடுகள் அத்தனையும் கொழுப்பு படிந்த இடங்கள். பண்ணையில் வளர்ந்த சால்மனில் 100 கிராமுக்கு சுமார் 13 கிராம் கொழுப்பு இருக்கும். சால்மனின் ருசிக்கும் அதுதான் காரணம், வாடைக்கும் அதுதான் காரணம்.

வாடை எங்கிருந்து வருகிறது?

பொதுவாகக் கடல் மீன்களின் உடலில் ட்ரைமெத்தில் அமீன் ஆக்ஸைடு என்ற பொருள் இருக்கும். உப்பு நீரில் வாழ்வதற்கு அது மீனுக்குத் தேவை. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் இதை ட்ரைமெத்தில் அமீன் என்ற பொருளாக மாற்றுகின்றன. மீன் மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிறதே, அந்த வாடை இதுதான்.

சால்மனில் இன்னொரு பிரச்னையும் உண்டு. அதன் கொழுப்பில் இருக்கும் ஒமேகா-3, காற்று பட்டால் சீக்கிரம் சிக்கெடுத்துவிடும். பழைய எண்ணெயில் வருமே ஒரு வாடை, அதே கதைதான். சூடு கூடக்கூட இது வேகமாக நடக்கும். ஆக, எதற்காக இந்த மீனை வாங்குகிறோமோ அதுவேதான் கவனக்குறைவாகச் சமைத்தால் நாறவும் செய்கிறது.

எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாம் முதல் வாடைக்கு நன்றாக வேலை செய்யும். ட்ரைமெத்தில் அமீன் காரத்தன்மை உள்ளது என்பதால், புளிப்பு பட்டதும் அது உப்பாக மாறி ஆவியாகாமல் நின்றுவிடும். மீனும் புளியும் நம்ம சமையலில் சேர்ந்தே இருப்பது சும்மா இல்லை. ஆனால் சிக்கெடுத்த கொழுப்பை எலுமிச்சையால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் எவ்வளவு மசாலா போட்டாலும் சில துண்டுகளில் அந்த வாடை போகவே மாட்டேன் என்கிறது.

வாங்கும்போது

நல்ல சால்மனை மூக்கருகே கொண்டுபோனால் லேசாகக் கடல் காற்று மாதிரி ஒரு மணம் வரும், அவ்வளவுதான். விரலால் அழுத்தினால் குழி விழாமல் சதை திரும்பி எழ வேண்டும். ஓரங்கள் பழுப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் கொழுப்பு சிக்கெடுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பாக்கெட்டுக்குள் பனிக்கட்டித் துகள்கள் நிறைய இருந்தால், எங்கோ வழியில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கலாம். வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஃப்ரீசரில்தானே இருக்கு, எப்போ வேணாலும் சமைச்சுக்கலாம் என்ற நினைப்பும் வேண்டாம். உறைந்த நிலையிலும் கொழுப்பு மெதுவாகச் சிக்கெடுத்துக்கொண்டேதான் இருக்கும். கொழுப்பு மீன்களை மைனஸ் 18 டிகிரியில் வைத்தாலும் 2, 3 மாதங்களுக்குள் சமைத்துவிடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. புளிச்ச வாடையோ, அம்மோனியா மாதிரி குப்பென்ற வாடையோ அடித்தால் அந்த மீனைச் சமைக்கவே கூடாது. பாலில் ஊற வைப்பது, மஞ்சள் தடவுவது எல்லாம் அந்த எச்சரிக்கை மணியை அமுக்குவதோடு சரி. மீன் கெடும்போது உருவாகும் ஹிஸ்டமின் போன்ற நச்சுகள் சமைத்தாலும் அழியாது.

கரைப்பதும் கழுவுவதும்

உறைந்த மீனை முந்தின நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். கிச்சன் மேடையில் வைத்துக் கரைப்பதோ சுடுதண்ணீர் ஊற்றுவதோ வேண்டாம். காற்று நீக்கி அடைத்த பாக்கெட் என்றால், கரைய வைக்கும் முன்பே பாக்கெட்டைத் திறந்துவிட வேண்டும். காற்று இல்லாத இடத்தில் வளரும் பாட்டுலினம் கிருமிக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

பாக்கெட்டில் தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் வாடை அதிகம். அதைக் கொட்டிவிட்டு, குளிர்ந்த நீரில் ஒரே ஒரு அலசு. கல்லுப்பு போட்டுத் தேய்த்து நாலு தண்ணீரில் கழுவும் பழக்கம் செதிலும் வழுவழுப்பும் உள்ள முழு மீனுக்குச் சரி. துண்டு போட்ட சால்மனை அப்படிக் கழுவினால் சதை உதிர்ந்துவிடும்.

அதற்குப் பதில் 1 லிட்டர் குளிர்ந்த நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, துண்டுகளை 15 நிமிடம் போட்டு வையுங்கள். வேகும்போது மேலே வெள்ளையாகக் கசியுமே, அந்தப் புரதமும் இதனால் குறையும். பிறகு துணியாலோ டிஷ்யூவாலோ ஈரம் துளியும் இல்லாமல் ஒற்றி எடுங்கள். பாலில் 20 நிமிடம் ஊற வைப்பவர்களும் உண்டு. அதுவும் ஓரளவு வாடையைக் குறைக்கும். எலுமிச்சைச் சாறு தடவுவதாக இருந்தால் 10 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். மேல்சதை வெளுத்து, வேகாமலேயே வெந்தது போல ஆகிவிடும்.

இன்னொன்று: தோலுக்கும் சதைக்கும் நடுவில் சாம்பலும் பழுப்புமாக ஒரு பட்டை ஓடும். ரத்த ஓட்டமும் கொழுப்பும் அதிகமுள்ள தசை அது. இரும்புச் சத்தும் அதில் அதிகம் என்பதால் முதலில் சிக்கெடுப்பதே அந்த இடம்தான். சாப்பிட்டால் கெடுதல் இல்லை. ஆனால் வீட்டில் யாருக்காவது மீன் வாடையே ஆகாது என்றால், தோலோடு சேர்த்து அந்தப் பட்டையைச் சீவி எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இந்த ஒரு வேலைக்குப் பலன் அதிகம்.

அடுப்பில் வைத்த பிறகு

நம்ம ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். வஞ்சிரத்தை முறுகலாகப் பொரித்தால் ருசி. சால்மனை அப்படிப் பொரித்தால் கொழுப்பு உருகி வெளியே வந்து எண்ணெயில் கருகுகிறது. வீடு நாறுவது அதனால்தான்.

தோசைக்கல்லோ நான்-ஸ்டிக் தவாவோ போதும். ஒரு ஸ்பூன் எண்ணெய், மிதமான தீ. ஓர் அங்குலக் கனமுள்ள துண்டைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து 5, 6 நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். ஓரத்தில் பார்த்தால் நிறம் கீழிருந்து மேலே வெளுத்துக்கொண்டே வருவது தெரியும். முக்கால்வாசி வெளுத்ததும் திருப்பிப் போட்டு ஒன்றிரண்டு நிமிடம். முள்கரண்டியால் தொட்டால் சதை இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. வீட்டில் தெர்மாமீட்டர் இருந்தால், நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் வந்தால் போதும் என்பது அமெரிக்க உணவுத் துறையின் பரிந்துரை. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்களுக்கு அதற்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடை ரொம்பவே பயம் என்றால் இட்லிப் பானைதான் நல்ல வழி. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி அரைத்துத் தடவி, வாழை இலையில் மடித்து, தண்ணீர் கொதித்த பிறகு வைத்து 8 முதல் 10 நிமிடம். எண்ணெய்ப் புகை இல்லை, சூடும் 100 டிகிரியைத் தாண்டாது. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

குழம்பு வைக்கலாமா? தாராளமாக. ஆனால் புளிக்குழம்பு முழுசாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே மீனைப் போட வேண்டும். குறைந்த தீயில் 5 நிமிடம், அடுப்பை அணைத்து மூடி வைத்து இன்னொரு 5 நிமிடம்.

மிச்சம் இருந்தால்?

மீன் குழம்பு என்றால் மறுநாள்தான் ருசி என்போம். சால்மனுக்கு அது பொருந்தாது. ஒருமுறை வெந்த கொழுப்பு ஃப்ரிட்ஜில் இருக்கும்போதே சிக்கெடுக்கத் தொடங்கும். மறுபடி சூடாக்கும்போது வாடை மொத்தமாகக் கிளம்பும். மைக்ரோவேவில் வைத்தால் பக்கத்து வீட்டுக்கே தெரிந்துவிடும். அதனால் ஒரு வேளைக்குத் தேவையான துண்டுகளை மட்டும் கரைத்துச் சமையுங்கள். மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் மூடி வைத்து, மறுநாள் சூடாக்காமலே உதிர்த்து, வெங்காயம், மிளகுத்தூள், எலுமிச்சை சேர்த்து சாண்ட்விச்சுக்குள் வைத்துக் கொடுத்துவிடலாம்.