காஞ்சிப் பட்டும் கூலி நிர்ணயமும்

சென்னை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுவரும் உத்தம சோழன் செப்பேடுகள், பத்தாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் கச்சிப்பேடு என வழங்கிய காஞ்சி மாநகரத்தில், ஊரகத்துப் பெருமாள் கோயிலின் முதலையும் வட்டியையும் கணக்கு வழக்குகளையும் மேற்பார்வையிடும் பொறுப்பு அந்நகரத்து நெசவாளர் குடியிருப்புகளைச் சேர்ந்தோரிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்த விவரத்தைத் தெரிவிக்கின்றன. விஜயநகர ஆட்சிக்காலத்திலோ, காஞ்சியின் நெசவாளர் சமூகமான கைக்கோளர் அனுபவித்துவந்த, தண்டு என்னும் பல்லக்கும் சங்கும் ஆகிய மரியாதைகளைத் தங்களுக்கும் அளிக்க வேண்டுமென்று பிற ஊர்க் கைக்கோளர் விரும்பிப் பெற்றதாகக் கல்வெட்டுச் சான்று உண்டு. அவ்வளவு கௌரவம் வாய்ந்த ஒரு சமூகத்தின் மரியாதையை அரசர்கள் நிர்ணயித்தார்கள். அதன் கூலியை யார் நிர்ணயித்தார்கள் என்பதே நான் இங்கு விசாரிக்க விரும்பும் பொருள்.

பட்டு நெசவில் கூலி எங்கே பிறக்கிறது என்பதை அறிய, காஞ்சியின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுத் தறியண்டை சற்று நேரம் உட்கார வேண்டும். கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூலும், சூரத்திலிருந்து வரும் ஜரிகையும் பெரும்பாலும் வியாபாரியின் முதலீடு. தறியும் வீடும் உழைப்பும் நெசவாளியினுடையவை. வெயில் ஏறுமுன் தெருவில் பாவை நீட்டிச் செப்பம் செய்து, வீட்டார் தார் சுற்றித் தர, குழியில் காலிறக்கி உட்காரும் நெசவாளி கோர்வைச் சேலை நெய்வதானால், உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். அவ்வளவையும் ஒருவனால் ஓட்ட இயலாமையால், பக்கத்தில் அமர்ந்து ஒரு பக்கத்துக் கரையைக் கோர்த்துக்கொடுக்க ஒரு துணையாள் அவசியம். சேலை முடிந்து கூலி கைக்கு வரும்போது, அந்தத் துணையாளுக்குக் கொடுக்க வேண்டியதையும் நெசவாளியே அதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். கூலி குறைந்தால் முதலில் குறைவது துணையாளின் பங்கு. அந்த இடத்தில் பல்லாண்டுகள் சிறுவர்களே உட்கார்ந்திருந்தமைக்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. முன்பணம் என்ற பெயரில் வியாபாரியிடம் வாங்கிய கடன் தீராதவரையில் வேறொருவருக்கு நெய்ய முடியாதென்ற வழக்கமும் சேர்ந்துகொண்டபோது, கூலி பேசும் வாய் அடைபட்டுப்போயிற்று.

குறைந்தபட்சக் கூலி என்ற யோசனை உலகத்தில் உருவானதே இத்தகைய வீட்டுத் தொழில்களை முன்னிட்டுத்தான். நெசவாளர் குடும்பமொன்றில் காஞ்சியில் அண்ணாதுரை பிறந்த அதே 1909ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பார்லிமெண்டு, சங்கிலி செய்தல், லேஸ் வேலை, காகிதப் பெட்டி செய்தல், ஆயத்த ஆடைத் தையல் ஆகிய, பெண்கள் வீட்டிலிருந்தே அற்பக் கூலிக்கு மாய்ந்துகொண்டிருந்த தொழில்களுக்கு வாரியங்கள் அமைத்துக் கூலியை நிர்ணயிக்கச் சட்டமியற்றியது. வேலையே பறிபோகுமென்று பலர் எச்சரித்தார்கள். ஆனால் சங்கிலித் தொழிலை நேரில் ஆராய்ந்து 1914இல் எழுதிய டானி என்ற சரித்திராசிரியர், கூலி உயர்ந்ததால் குறிப்பிடத்தக்க வேலையின்மை நேரவில்லை என்றே கண்டார்.

நம் நாட்டில் 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. நிர்ணயித்த கூலியை ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளிகளில் மறுபரிசீலனை செய்ய வேண்டுமென்பதும், உருப்படிக்கு இவ்வளவு என்றும் கூலி வகுக்கலாமென்பதும் அதன் விதிகளாக இருந்தன. தேவையை அனுசரித்த கூலி எதுவென்று 1957இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு கணக்கிட்டபோது, உணவோடும் வாடகையோடும் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 72 கஜம் துணியையும் சேர்த்தது. ஊருக்கெல்லாம் ஆடை நெய்பவரின் வீட்டிலும் ஆடை இருக்க வேண்டுமென்பதை அந்த எண் ஒப்புக்கொண்டது என்பதால், எனக்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு. முதலாளிக்குக் கட்டுப்படியாகாதென்பது இச்சட்டத்தின்கீழ்ச் செல்லுபடியாகும் வாதமல்ல என்று கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலைகளின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்த்துச் சொல்லிற்று.

ஆயினும் காஞ்சியின் வீதிகளில் இச்சட்டம் நுழைந்தபோது அதற்கு வாசல் தெரியவில்லை. ஆலைக்குக் கதவும் வருகைப் பதிவேடும் உண்டு. வீட்டுத் தறிக்கு அவை இல்லை. தறி சொந்தமாக இருப்பவரைத் தொழிலாளி என்பதா, சுயதொழில் செய்பவர் என்பதா? வியாபாரி அவரை முதலாளி என்றும், முன்பணப் பத்திரம் அவரைக் கடனாளி என்றும் சொல்லிற்று. கூலிக்காரர் என்று சொல்லத்தான் எவருமில்லை.

சட்டம் தயங்கிய இடத்தில் துணிந்து நின்றவை கூட்டுறவுச் சங்கங்கள் என்பது என் அபிப்பிராயம். காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா முதலிய பெயர்களால் வழங்கும் பட்டுச் சங்கங்கள், நூலும் ஜரிகையும் தாமே கொடுத்து, இன்ன ரகத்துக்கு இன்ன கூலி என்று எழுதிவைத்து, போனசும் சேமநிதியும் அளித்தமையால், சங்கத்தில் சேராத நெசவாளியும் வியாபாரியிடம் சங்கக் கூலியைச் சுட்டிக்காட்டிப் பேச இடமேற்பட்டது. சேலைகள் விற்காமல் தேங்கும் காலங்களில் பாவு தாமதமாகக் கிடைப்பதும் கூலி நிலுவையாவதும் இச்சங்கங்களின் மெய்யான குறைகள். அவற்றை மறைப்பதால் எவருக்கும் லாபமில்லை.

கூலி ஏறினால் தொழில் அழியுமென்ற வாதத்தை இந்நகரில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவருகிறோம். தங்கமும் வெள்ளியும் விலையேறி ஜரிகை ஏறும்போது சேலையின் விலையைத் தயங்காமல் ஏற்றுகிறவர்கள், துணையாளின் கூலி ஏறும்போது மட்டும் தொழிலின் மரணத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகப் படவில்லை. விசைத்தறியில் நெய்து காஞ்சிப் பட்டென்று விற்கும் போலிச் சரக்கு உண்மையான அபாயம்தான். ஆனால் அதற்குப் பரிகாரம், 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தையும், 2005இல் காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டையும் கண்டிப்பாக நிறைவேற்றுவதே அல்லாமல், கைத்தறிக்காரரின் வயிற்றை விசைத்தறியின் விலைக்கு இறக்குவது அன்று.

முடிவில் கூலிப் பேச்சின் போக்கையே மாற்றியது, ஒருவரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்யத் தொடங்கியது, ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்தது, அருகே ஒரகடம் தொழிற்பேட்டையும் வளர்ந்தது. விடியற்காலையில் பாவு நீட்டிய தெருமுனைகளில் கம்பெனி பஸ்கள் வந்து நின்றன. மாதம் பிறந்தால் சம்பளமும், வைப்புநிதியும், சீருடையும் கண்ட இளைஞர்கள் தறிக்குழியில் இறங்க மறுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்தில் வேலை மிகுந்தபோதுதான் நெசவாளிக்கு மறுத்துச் சொல்லும் சக்தி பிறந்தது. பழைய கூலிக்குத் துணையாள் கிடைப்பது அரிதாயிற்று. ஆனால் அந்தப் பலமும் நிலையானதன்று. 2014இல் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் ஒருசேர வேலையிழந்து நின்றார்கள்; வேலைச்சந்தை தளரும் அத்தகைய நாளில் கூலியைத் தாங்கிப் பிடிக்கச் சட்டத்தைத் தவிர வேறு கை இல்லை.

ஆகையால் நான் கேட்பது ஒன்றே. சங்கமாயினும் தனி வியாபாரியாயினும், சேலைக்குக் கூலிச் சீட்டு எழுதும்போது, நெய்தவர் கூலி ஒரு வரியிலும், கரை கோர்த்த துணையாளின் கூலி மற்றொரு வரியிலுமாகப் பிரித்து எழுதட்டும். அந்த இரண்டாவது வரியும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று, ஐந்தாண்டுக்கொரு முறை கூலியைத் திருத்துகிறவர்கள் பிள்ளையார்பாளையத்துக்கே வந்து பார்க்கட்டும்.