பாராநார்மல் ஆக்டிவிட்டி திரைப்பட வரிசை

பாராநார்மல் ஆக்டிவிட்டி என்பது 2007 முதல் 2021 வரை அமெரிக்காவில் வெளிவந்த ஏழு பேய்ப்படங்களின் வரிசை. புறநகர் வீடொன்றில் நடக்கும் அமானுஷ்ய நிகழ்வுகளை, அந்த வீட்டாரே பதிவு செய்த வீடியோக்களாகக் காட்டுவது இதன் பாணி. ஓரன் பெலி எழுதி, இயக்கி, தொகுத்த முதல் படத்தின் ஆரம்பச் செலவு சுமார் 15,000 டாலர். உலகெங்கும் அது ஈட்டிய வசூல் 19 கோடி டாலருக்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, அதிர்ஷ்டம் அடித்தது என்றோ விளம்பரம் வென்றது என்றோ முடித்துவிடுவது வழக்கம். ஆனால் இந்த வரிசை எங்கே பயமுறுத்தியது, எங்கே பயமுறுத்தத் தவறியது என்று படம் படமாகப் பார்த்தால் காரணம் வேறிடத்தில் இருப்பது தெரியும். இதன் வலிமை பேயில் இல்லை, பேயைப் பற்றிய கதையிலும் இல்லை. யாரும் தொடாமல் ஓரிடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கேமராவில்தான் இருந்தது.

பெலி இஸ்ரேலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். வீடியோ கேம்களுக்கு நிரல் எழுதியவர். திரைப்படக் கல்லூரி வாசலை மிதிக்காதவர். சான் டியேகோவில் வாங்கிய புதுவீட்டில் இரவு நேரங்களில் கேட்ட விளங்காத ஓசைகள்தாம் கதைக்கு வித்து. படப்பிடிப்புத் தளமும் அதே வீடுதான். சுவருக்கு வண்ணம் அடிப்பது, தரைவிரிப்பு போடுவது, மரச்சாமான்களை மாற்றுவது என்று ஏறக்குறைய ஓராண்டு காலம் வீட்டைத் தயார் செய்தார். பிறகு 2006இல் ஏழே நாளில் படப்பிடிப்பை முடித்தார். கேட்டி ஃபெதர்ஸ்டன், மைக்கா ஸ்லோட் இருவருக்கும் எழுதிய வசனம் கிடையாது. காட்சியின் போக்கை மட்டும் சொல்லிவிட்டுப் பேசவிட்டார். பாத்திரங்களுக்கும் அவர்கள் பெயரே. தனி ஒளிப்பதிவுக் குழு இல்லாததால் பகல் காட்சிகளில் கேமரா பெரும்பாலும் ஸ்லோட்டின் கையில் இருந்தது. இரவுக் காட்சிகளில் அது ட்ரைபாடில் ஏறியது. கையில் காசில்லாததால் வந்த ஏற்பாடுதான் இது. ஆனால் படத்தின் இலக்கணம் அந்த ஏற்பாட்டிலிருந்துதான் பிறந்தது.

அந்த இரவுக் காட்சியின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் கட்டில், அதில் உறங்கும் இருவர். இடப்பக்கம் திறந்த கதவு, அதற்கப்பால் இருண்ட நடைவழி. திரையின் ஓரத்தில் ஓடும் நேரக்குறிப்பு. பின்னணி இசை கிடையாது. ஏதோ நெருங்கும்போது மட்டும் அடித்தொண்டை உறுமலைப் போன்ற தாழ்ந்த ஒலி எழும். கதவு சில அங்குலம் நகர்ந்து பழைய நிலைக்குத் திரும்பும், அவ்வளவுதான். இன்னோர் இரவில் கேட்டி எழுந்து கட்டிலருகே நின்று, உறங்கும் துணைவனைப் பார்த்தபடியே இருக்கிறாள். நேரக்குறிப்பு விரைந்தோட, மணிக்கணக்கில் அவள் அசையவில்லை என்பது நமக்குத் தெரிகிறது. வழக்கமான பேய்ப்படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை க்ளோசப்பும் கட்டும் சொல்லிவிடும். இங்கே அப்படிச் சொல்ல யாருமில்லை. கதவையா, போர்வையையா, நடைவழியையா என்று தேடும் வேலை பார்ப்பவர் தலையில் விழுகிறது. உறங்குபவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது, எழுப்பத்தான் வழியில்லை. பயம் உண்டாவது இந்தக் கையாலாகாத நிலையில்தான்.

இதையெல்லாம் 1999இலேயே தி பிளேர் விட்ச் புராஜெக்ட் செய்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். கண்டெடுத்த வீடியோ என்ற பாவனையும் குறைந்த செலவும் இரண்டுக்கும் பொது என்பது உண்மையே. ஆனால் அங்கே கேமரா காட்டில் ஓடுகிறவர் கையில் இருக்கிறது. அவர் பார்க்காததை நாமும் பார்ப்பதில்லை. இங்கே யாரும் விழித்திராத நேரத்தில் கேமரா மட்டும் விழித்திருக்கிறது. விளம்பரம்தான் எல்லாம் என்ற வாதம் இதைவிடக் கனமானது. 2007 அக்டோபரில் ஸ்க்ரீம்ஃபெஸ்ட் விழாவில் முதலில் திரையிடப்பட்ட படத்தைப் பிறகு ட்ரீம்வொர்க்ஸ், பாரமவுண்ட் வட்டாரம் வாங்கியது. பெரிய செலவில் மீண்டும் எடுக்கும் யோசனை இருந்தது. சோதனைத் திரையிடலில் மக்கள் நடுங்கியதைக் கண்டபின் அது கைவிடப்பட்டது. முடிவுக் காட்சி மட்டும் மாறியது. 2009 செப்டம்பரில் சில கல்லூரி நகரங்களில் நள்ளிரவுக் காட்சிகளாக வெளியிட்டு, எங்கள் ஊருக்கும் கொண்டுவாருங்கள் என்று இணையத்தில் பத்து லட்சம் பேரைக் கேட்கவைத்தார்கள். டிரெய்லரில் படத்தைவிட, இருட்டில் அலறும் பார்வையாளர்களையே அதிகம் காட்டினார்கள். கெட்டிக்கார உத்திதான். ஆனால் படிப்படியாக விரியும் வெளியீடு, முதலில் பார்த்தவர் வாய்ச்சொல்லை நம்பியே நிற்கும். படம் ஏமாற்றியிருந்தால் இரண்டாம் வாரமே படுத்திருக்கும். மாறாக, அக்டோபர் இறுதியில் சா வரிசையின் ஆறாம் படம் வெளியான வாரத்திலேயே அதை முந்திக்கொண்டு முதலிடம் பிடித்தது.

2010இல் டாட் வில்லியம்ஸ் இயக்கிய இரண்டாம் படம், கேட்டியின் தங்கை கிறிஸ்டியின் வீட்டுக்குள் நுழைந்து, ஒரு கேமராவுக்குப் பதில் பல கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தியது. பட்டப்பகலில் சமையலறை அலமாரிக் கதவுகள் அத்தனையும் ஒரே நொடியில் படாரெனத் திறக்கும் காட்சி, வெளிச்சமும் பாதுகாப்பல்ல என்று காட்டியது. அடுத்த ஆண்டு ஹென்றி ஜூஸ்ட், ஏரியல் ஷுல்மன் இருவரும் இயக்கிய மூன்றாம் படம்தான் என் மதிப்பில் இந்த வரிசையின் சிகரம். கதை 1988க்குப் பின்னோக்கிப் போகிறது. திருமண வீடியோ எடுக்கும் டென்னிஸ், மேசை மின்விசிறியைப் பிரித்து, இடவலமாகத் திரும்பும் அதன் அடிப்பாகத்தில் கேமராவைப் பொருத்துகிறார். அது சமையலறைக்கும் கூடத்துக்குமாக நிதானமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். யார் கத்தினாலும் வேகம் கூடாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணின் பின்னால், வெள்ளைப் படுக்கைவிரிப்பைப் போர்த்திய உருவம் நிற்கிறது. கேமரா விலகுகிறது, திரும்புகிறது; அவள் முகம் திருப்பும் கணத்தில் விரிப்பு வெறுமையாகத் தரையில் சரிகிறது. சிறுபிள்ளை விளையாட்டுக்குரிய இந்தப் பழைய வேடம் அரங்கையே உறையவைத்தது என்றால், அதற்குக் காரணம் அந்த விசிறியின் இரக்கமற்ற சீரான வேகமே.

பாட்டி லோயிஸ், சூனியக்காரிகளின் கூட்டம், டோபி என்ற பேய் என்று புராணம் விரிந்ததும் இதே மூன்றாம் படத்தில்தானே, அதன் வசூல் 20 கோடி டாலரைத் தாண்டியதே என்று வாதிடலாம். புராணம் அங்கே இருந்தது. பயத்தைச் சுமந்தது விசிறிதான். அடுத்து வந்தவை அதற்குச் சாட்சி. நான்காம் படம் (2012) மடிக்கணினிக் கேமராக்களையும், இருட்டில் கைனெக்ட் கருவி தூவும் ஒளிப்புள்ளிகளையும் பயன்படுத்தியது. புள்ளிகளுக்கு நடுவே உருவம் நகரும் சில கணங்கள் மட்டும் தேறின. தி மார்க்டு ஒன்ஸ் (2014) கேமராவை மீண்டும் ஓடுகிறவர் கையில் கொடுத்தது. தி கோஸ்ட் டைமென்ஷன் (2015), ஆவிகளைப் படம்பிடிக்கவல்ல தனிக்கேமராவைக் கதைக்குள் கொண்டுவந்து, முப்பரிமாணத்தில் பேயையே காட்டிவிட்டது. எதைத் தேடி நம் கண் திரையெங்கும் அலைந்ததோ, அதைக் கொண்டுவந்து நேர்முன்னே நிறுத்தியபின் தேட எதுவுமில்லை. அந்தப் படத்தின் வசூல் எட்டுக் கோடி டாலரைக்கூட எட்டவில்லை. திரையரங்கில் ஓடி முடிந்த சில நாளிலேயே இணையத்தில் விற்கும் பாரமவுண்டின் திட்டத்தை எதிர்த்துப் பல அரங்குகள் திரையிட மறுத்ததும் இதற்கு ஒரு காரணம். எனவே அந்த எண்ணை மட்டும் சான்றாகக் கொள்வது நியாயமாகாது. ஆனால் அத்தகைய தடை ஏதுமில்லாத முந்தைய இரண்டு படங்களுமே அடுத்தடுத்துச் சரிந்திருந்தன.

தொழில்துறையில் இதன் தாக்கம் பெரிது. முதல் படத்துக்குத் துணைநின்ற ஜேசன் பிளம், குறைந்த செலவில் இயக்குநருக்குச் சுதந்திரம் தந்து படமெடுக்கும் முறையை நிறுவனமாகவே வளர்த்தார். பெலியும் தயாரிப்பாளர்களுள் ஒருவராக இருந்த இன்சிடியஸ் (2010) அந்தப் பாதையில் வந்ததே. வரிசையின் ஏழாம் படமான நெக்ஸ்ட் ஆஃப் கின் (2021) திரையரங்குக்கு வராமல் பாரமவுண்ட் பிளஸ் தளத்தில் வெளியானது. புறநகர் வீட்டை விட்டு ஆமிஷ் பண்ணை ஒன்றுக்குக் கதையை நகர்த்திய அதில், ஆவணப்படம் எடுக்க வந்தவர்களின் கேமராக்கள் ஓயாமல் சுழன்றன. இந்த வரிசையின் படம் என்று அடையாளம் சொல்ல மிஞ்சியது தலைப்புதான். பழைய வலிமை திரும்பியது மேடையில். 2024இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பிளேஹவுஸ், ஃபெலிக்ஸ் பாரெட் இயக்கத்தில், இதே பெயரில் புதிய கதையொன்றை அரங்கேற்றியது. மேடையில் க்ளோசப் கிடையாது, கட் கிடையாது. வீடு மொத்தமும் பார்வையாளர் கண்ணெதிரே நிற்கிறது. எந்த அறையைப் பார்ப்பது என்பதை அவரே முடிவு செய்தாக வேண்டும்.