தாத்தாவின் நாலு ரிப்பன்களும் கடைக்காரரின் எட்டு ரிப்பன்களும்

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தில்லிக் குளிரில் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கப் பிடிக்காமல் வெயில் காயலாம் என்று பழைய தில்லி பக்கம் போனேன். ஒரு சந்துக்குள் பழைய சாமான் கடை. துருப்பிடித்த பூட்டு, கிராமபோன் குழாய், உடைந்த லாந்தர், அதற்கு நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டில் வரிசையாக எட்டு ராணுவ ரிப்பன்கள்.

என் இந்தியைக் கேட்டதுமே கடைக்காரருக்கு ஊர் தெரிந்துவிட்டது (பதினாலு வருஷமாகியும் அது மாறவில்லை!). "மெட்ராசி சாப், இது உங்க மெட்ராஸ் பல்டன் சிப்பாயோடது. இரண்டாம் உலகப் போர். பக்கா ஒரிஜினல்" என்றார். பன்னிரண்டாயிரம் சொன்னார். ஐயாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கினார். வாங்கிவிட்டேன்.

ஏன் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். என் தாத்தா வட ஆற்காடு மாவட்டத்துக்காரர். 1940ல் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, பர்மா போய், 1946ல் ஊர் திரும்பியவர். அவருடைய மெடல்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அவர் காலமான பிறகு, எழுபதுகளில் ஒரு நாள், பாட்டி பழைய பித்தளையோடு சேர்த்து அவற்றையும் பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கிவிட்டார். அந்தத் தூக்கு இன்னும் ஊரில் இருக்கிறது. கடலை மாவு போட்டு வைக்கிறார்கள். அப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார்.

அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸப் குழுவில் படம் போட்டேன். பத்து நிமிஷத்தில் பெரியப்பா போன். "டேய், அப்பாவோட மெடலே திரும்பி வந்த மாதிரி இருக்குடா. பொங்கலுக்கு வரும்போது பிரேம் போட்டு எடுத்துட்டு வா, அவர் போட்டோ பக்கத்துல மாட்டலாம்." அத்தை அழுதே விட்டார்.

எல்லாரும் தூங்கிய பிறகு மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு ரிப்பன்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். அங்கேதான் வினை.

இரண்டாம் உலகப் போர் ரிப்பன்களைப் பற்றி முதலில் ஒரு விஷயம். அந்த நிறங்களுக்கு அர்த்தம் உண்டு. 1939-45 ஸ்டாரில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று சம பட்டைகள்: கப்பல் படைகள், தரைப்படை, விமானப்படை. ஆப்பிரிக்கா ஸ்டாருக்குப் பாலைவன மணல் நிறம், நடுவில் சிவப்பு, இரு பக்கமும் மெல்லிய கருநீலமும் வெளிர்நீலமும். பர்மா ஸ்டாரில் நடுவே அகலமான சிவப்பு, இரு ஓரமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் சூரியனைக் குறிக்கும் ஆரஞ்சுக் கோடு. இத்தாலி ஸ்டார் அந்த நாட்டுக் கொடியின் சிவப்பு, வெள்ளை, பச்சை. இந்தியா சர்வீஸ் மெடல் கருநீலமும் வெளிர்நீலமும்.

எது யாருக்கு என்பதற்கும் கறாரான விதிகள் இருந்தன. போலிகளைப் பிடிப்பதற்கு அந்த விதிகள்தான் முதல் ஆயுதம். துணியைத் தொட்டுப் பார்க்கவே வேண்டாம். இந்த வரிசையை ஒரே மனிதர் ஒரே ஆயுளில் சம்பாதித்திருக்க முடியுமா என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

என் பெட்டியில் இருந்த வரிசை இது: 1939-45 ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார் (மேலே வெள்ளியில் "8" என்ற எண்), பர்மா ஸ்டார், பசிபிக் ஸ்டார், டிஃபென்ஸ் மெடல், இந்தியா சர்வீஸ் மெடல், வார் மெடல், கடைசியில் 1947 இந்திய சுதந்திர மெடல்.

பார்க்க அமர்க்களமாக இருக்கிறது இல்லையா? இப்போது ஒவ்வொன்றாக வருவோம்.

முதல் கோளாறு. பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் ஒரே ஆளுக்குக் கிடையாது. மலாயாவில் ஜப்பானியரோடு சண்டை போட்டவர்களுக்கு (1941 டிசம்பர் 8 முதல் சிங்கப்பூர் விழுந்த 1942 பிப்ரவரி 15 வரை) பசிபிக் ஸ்டார். பர்மாவில் போரிட்டவர்களுக்கு பர்மா ஸ்டார். இரண்டுக்கும் தகுதி இருந்தால் முதலில் சம்பாதித்ததைக் கொடுத்து, மற்றதற்கு ஒரு பட்டயம் மட்டும் சேர்ப்பார்கள். ரிப்பன் மட்டும் அணியும்போது அந்தப் பட்டயத்துக்கு அடையாளமாக ஒரு சின்ன வெள்ளிப் பூ. இரண்டு ரிப்பனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சேர்த்தவருக்கு விதி தெரியாது என்று அர்த்தம்.

இரண்டாவது. டிஃபென்ஸ் மெடலும் இந்தியா சர்வீஸ் மெடலும் சேர்ந்து வராது. டிஃபென்ஸ் மெடலுக்குத் தகுதி பெற்றவர்களுக்கு இந்தியா சர்வீஸ் மெடல் கிடையாது.

மூன்றாவது, வரிசை. பசிபிக் ஸ்டார் பர்மா ஸ்டாருக்கு முன்னால் வர வேண்டும். இந்தியா சர்வீஸ் மெடல் வார் மெடலுக்குப் பின்னால் வர வேண்டும். ராணுவத்தில் வரிசை என்பது விளையாட்டு இல்லை. பரேடில் சுபேதார் சாப் கண்ணில் பட்டிருந்தால் அந்த ஆள் தொலைந்தார்.

நான்காவது, அந்த "8". எட்டாவது ராணுவத்தில் 1942 அக்டோபர் 23 முதல் 1943 மே 12 வரை சேவை செய்தவர்களுக்கான அடையாளம் அது. அதாவது எல் அலமைன் முதல் டுனீசியா வரை. நம் 4-வது இந்திய டிவிஷன் அதில் இருந்தது, மெட்ராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். ஆக "8" தன்னளவில் பொய் இல்லை. வேறு யாரோ ஒருவருக்கு அது உண்மையாக இருக்கலாம்.

ஐந்தாவது, திருப்பி மாட்டிய ரிப்பன். 1939-45 ஸ்டாரில் கருநீலம் அணிபவரின் இடது தோளிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், அதாவது பார்ப்பவருக்கு இடப்பக்கம். என்னுடையதில் தலைகீழ். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. உண்மையான சிப்பாயின் தையல்காரரும் தப்புப் பண்ணியிருப்பார்.

அதற்குப் பிறகுதான் துணிக்கு வந்தேன். கள்ளநோட்டு பார்க்க ஆபீஸ் நண்பர் கொடுத்த புற ஊதா டார்ச் ஒன்று கிடந்தது. விளக்கை அணைத்து அடித்தேன். எட்டு ரிப்பன்களின் வெளிர் நிற நூல்களும் கோயில் திருவிழா சீரியல் லைட் மாதிரி நீலமாக மின்னின. துணியை வெள்ளையாகக் காட்டும் ரசாயனப் பூச்சுகள் ஜவுளியில் பரவலானது போருக்குப் பிறகுதான். பழைய பருத்தியும் பட்டும் மங்கலாகத்தான் தெரியும். பிறகு ஓரத்து நூல் ஒன்றை உருவி ஊசி முனையில் வைத்துத் தீக்குச்சி காட்டினேன். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பட்டு முடி கருகிய நாற்றம் அடிக்கும். என்னுடையது உருகிச் சின்ன மணி ஆனது. பாலியஸ்டர்! தாத்தா பர்மாவில் இருந்தபோது பாலியஸ்டர் நூல் சந்தைக்கே வரவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. டார்ச்சில் மின்னினால் மெடலும் போலி என்று குதிக்கக் கூடாது. ரிப்பன் நைந்து போகும், சிப்பாய்களே புதிதாக மாற்றுவார்கள். கன்டோன்மென்ட் பக்கத்து யூனிஃபார்ம் கடைகளில் இன்றும் ரிப்பன் விற்கிறார்கள். அசல் மெடலில் புது ரிப்பன் இருக்கலாம், போலி மெடலில் பழைய ரிப்பன் கோத்திருக்கலாம். அதனால் துணிச் சோதனை எப்போதும் இரண்டாவது சாட்சிதான்.

முதல் உலகப் போர் மெடல்களில் வேலை கொஞ்சம் சுலபம். விளிம்பில் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். அதனால் அங்கே ஏமாற்று வேலையும் விளிம்பில்தான்: பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டுப் பிரபலமான படைப்பிரிவின் பெயரைப் பொறிப்பார்கள். 1914-20 பிரிட்டிஷ் வார் மெடலின் விட்டம் 36 மில்லிமீட்டர். ராவினால் குறையும். ஒரு காலிப்பர் வைத்துச் சுற்றிலும் நாலு இடத்தில் அளந்தால் போதும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொடுத்தவற்றில் பெயரே பொறிக்கவில்லை. இந்தியர்களுக்கானவை சிலவற்றில் இருக்கும். வெறும் ரிப்பன் பட்டையிலோ பெயருக்கு இடமே இல்லை. அந்த மௌனத்தை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய செட்டுகளிலும் தேதிதான் கைகொடுக்கும். 25-வது சுதந்திர ஆண்டு மெடல் 1972 ஆகஸ்ட் 15 அன்று சேவையில் இருந்தவர்களுக்கு, 50-வது ஆண்டு மெடல் 1997ல் இருந்தவர்களுக்கு. 1965 போர் ரிப்பனும் கார்கில் ரிப்பனும் ஒரே சாதாரண சிப்பாயின் செட்டில் இருந்தால், 34 வருஷம் எப்படி சர்வீஸ் செய்தார் என்று கடைக்காரரைக் கேளுங்கள். (நகல் ரிப்பன் வைத்திருப்பது வேறு. ராணுவத்தினர் என்று பிறரை நம்பவைக்க அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 168-வது பிரிவில் குற்றம்.)

சரி, இப்போது பெரியப்பாவுக்கு என்ன சொல்வது? இரண்டு நாள் தள்ளிப்போட்டு மூன்றாம் நாள் போன் செய்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "யாருடா கண்டுபிடிக்கப் போறாங்க? நாம என்ன விக்கவா போறோம்? பார்க்க நல்லா இருக்குல்ல?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் அப்பாவை அவர் தேடுகிறார், அதில் என்ன தப்பு?

பிறகு மெதுவாகக் கேட்டேன். "பெரியப்பா, தாத்தாவோட டிஸ்சார்ஜ் பேப்பர் பீரோவில இருக்கும்னு பாட்டி சொல்வாங்களே, அதில மெடல் விவரம் இருக்கும், பாருங்களேன்."

மறுநாள் படம் வந்தது. மடிப்பில் கிழிந்த காகிதம். மெடல்கள் என்ற கட்டத்தில் நாலே நாலு: 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், வார் மெடல், இந்தியா சர்வீஸ் மெடல். ஆப்பிரிக்கா இல்லை. 1946லேயே வீட்டுக்கு வந்துவிட்டவருக்கு 1947 ஆகஸ்ட் 15க்கான சுதந்திர மெடல் எப்படி இருக்கும்?

"இந்தியா சர்வீஸ்னா என்ன, சண்டைக்குப் போகாம இங்கேயே உட்கார்ந்திருந்ததுக்கா?" பெரியப்பா குரலில் லேசான ஏமாற்றம். போர்முனைக்கு வெளியே இந்தியாவில் மூன்று வருஷம் சேவை செய்தால் அந்த மெடல். சுமார் 2,20,000 பேர் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் ரோடு ஏது, ரயில்பாதை ஏது, பயிற்சி ஏது என்று சொன்னேன். பர்மா கதையையும் சொன்னேன். 1944 மார்ச் முதல் ஜூலை வரை இம்பால், கோஹிமா. அதன் பிறகு 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் மேல் 1,154 அடி பெய்லி பாலம், அன்றைக்கு உலகிலேயே நீளமான பெய்லி பாலம். சாப்பர்களின் வேலை இதெல்லாம். பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாவுக்குப் பாலம்னா பைத்தியம்டா. பாலாத்துப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியா எட்டி எட்டிப் பார்ப்பார்" என்றார். இந்தக் கதையை நான் அதுவரை கேட்டதே இல்லை.

எட்டையும் அப்படியே மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னும் இருபது வருஷத்தில் என் பையன் அவன் பையனிடம், கொள்ளுத்தாத்தா ஆப்பிரிக்காவில் ரொம்மலை விரட்டினார் என்று சொல்லியிருப்பான். பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தவரை எல்லாரும் மறந்திருப்போம். நமக்கெல்லாம் ஊர் ஏற்கெனவே தூரம். பிள்ளைகளுக்கு அது இன்னும் தூரம். அவர்களுக்குப் போய்ச் சேர்வது இப்படி ஒரு பிரேமும் அதன் கூட வரும் கதையும்தான்.

கன்டோன்மென்ட் கடை ஒன்றில் நாலு புது ரிப்பன் வாங்கினேன். நானூறு ரூபாய்கூட ஆகவில்லை. கருநீலம் எந்தப் பக்கம் என்று மூன்று தடவை பார்த்துத்தான் தைக்கக் கொடுத்தேன். பிரேமின் பின்னால் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "இவை புதிய ரிப்பன்கள். தாத்தாவின் டிஸ்சார்ஜ் பேப்பரைப் பார்த்து வாங்கியவை. அசல் மெடல்கள் எவர்சில்வர் தூக்குக்குப் போய்விட்டன." கூடவே அந்தக் காகிதத்தின் நகல்.

பொங்கலன்று மாட்டினோம். அத்தை மறுபடியும் அழுதார். பெரியப்பா சீட்டைப் படித்துவிட்டு, தூக்கு விஷயத்தை எழுத வேண்டுமா என்று கேட்டார். அப்பா, இருக்கட்டும் என்றார்.

கடைக்காரரின் எட்டு ரிப்பன்கள் என் மேஜை டிராயரில் கிடக்கின்றன. அவரும் யாரிடமோ வாங்கியிருப்பார். உங்கள் வீட்டிலும் ராணுவத்தில் இருந்தவர்கள் இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் பீரோவைத் திறந்து டிஸ்சார்ஜ் பேப்பரைத் தேடுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே தேடுங்கள்.